ஒரு கண்ணாடிக் குப்பியின் வம்சாவளி

தீக்குச்சி ஒன்றை மூன்றாக ஒடித்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான். நீளம் 16 மில்லிமீட்டர், குறுக்களவு 2 மில்லிமீட்டர். உடல் கண்ணாடி. ஒரு முனையில் டாண்டலம், மறுமுனையில் இரிடியம். உள்ளே ஒரு சிப்பும், ஃபெரைட் தண்டின்மேல் சுற்றிய மயிரிழைக் கம்பிச் சுருளும். பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. தடித்த ஊசி வழியாகத் தசைக்குள் செலுத்திவிட்டால், வெளியிலிருந்து வரும் காந்தப் புலத்தைக் குடித்தே அது உயிர் பிடிக்கும். தன் எண்ணைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் தசையை ஒரு சுண்டு சுண்டும். கூப்பிடாவிட்டால் சும்மா கிடக்கும். இதற்கு வைத்த பெயர் பையான். 'பயோனிக் நியூரான்' என்பதன் சுருக்கம்.

பினாங்குத் தீவின் கெலுகோர்க்காரன் காதில் அந்தப் பெயர் விழுந்தால், கொஞ்சம் தெற்கே இருக்கிற பாயான் லெப்பாஸ்தான் ஞாபகம் வரும். மலாயில் பாயான் என்றால் கிளி. லெப்பாஸ் என்றால் விடுபட்டது. சொல்லளவில் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பையான் பினாங்கில் பிறந்ததும் இல்லை. ஆனால் அதன் பங்காளி வீட்டார் இன்று இந்தத் தீவிலும் எதிர்க்கரையிலும் குடியிருக்கிறார்கள். நான் சொல்லவந்தது அந்த உறவுமுறையைத்தான். கல்யாண வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் அவிழ்க்கும் உறவுமுறையைவிடக் கம்பெனிகளின் உறவுமுறை சிக்கலானது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதைத் தேடிப் படிக்க வைத்தவர் எங்கள் வட்டாரத்து அண்ணன் ஒருவர். கிலாங் பஸ், அதாவது ஆலை பஸ், ஓட்டினவர். இருட்டோடு ஆபரேட்டர் பெண்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸில் இறக்கிவிட்டு, இரவு ஷிப்ட் முடித்தவர்களைத் திரும்பக் கொண்டுவருவார். பல வருஷம் அதுதான் வேலை. இப்போது பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. கோப்பிக்கடையில் தூளி கட்டிய கையோடு உட்கார்ந்திருப்பார். "கை வரலன்னாகூட பரவால்ல தம்பி, இந்தத் தோளு எறங்கிப்போச்சி பாரு, அதான் உசுரு போவுது" என்றார் ஒருநாள். பக்கவாதக்காரர்கள் பலருக்கு வருவதுதான் இது. தோள் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்துபோனால், கையின் பாரமே எலும்பைக் குழியிலிருந்து கீழே இழுத்துவிடும். பையான் முதன்முதலாக மனித உடலுக்குள் போனதும் இந்த இறங்கிய தோளுக்காகத்தான். அந்த இடத்துக்கு வருவதற்குள் நாற்பது வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது.

1958 அக்டோபர் 8. ஸ்டாக்ஹோம் பக்கத்தில் கரோலின்ஸ்கா மருத்துவமனை. ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்கு இதயத்தின் மின்பாதை அறுந்துபோய், ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ்-மாரி விடவில்லை. அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் மாறிமாறி நெருக்கி, உடம்புக்குள்ளேயே வைக்கிற ஒரு கருவியைச் செய்ய வைத்தார். அவசர வேலை. பிசினை ஊற்றி வார்க்க அச்சு வேண்டும். கைக்கு அகப்பட்டது ஷூ பாலிஷ் டப்பா. அப்படி வார்த்த வட்டத்தின் குறுக்களவு 55 மில்லிமீட்டர், தடிமன் 16 மில்லிமீட்டர். பையானின் மொத்த நீளமே இந்தத் தடிமன்தான்.

உடம்புக்குள் முழுசாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அது. சில மணி நேரம்தான் ஓடியது. கையிருப்பில் வைத்திருந்த இரண்டாவதைப் பொருத்தினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு மின்சாரம் வந்த வழி. உள்ளே இருந்தது நிக்கல்-கேட்மியம் பேட்டரி. வயிற்றின்மேல் ஒரு சுருளை வைத்து, தோலைத் தாண்டி, ஒயர் இல்லாமலே சார்ஜ் ஏற்றினார்கள். வெளியே ஒரு சுருள், உள்ளே ஒரு சுருள், நடுவில் மனிதத் தோல். 'ஒயர்லெஸ்' என்று இன்று விளம்பரத்தில் போடுகிற சங்கதி முதல் நாளிலேயே இருந்தது.

எல்ம்க்விஸ்ட் வேலை பார்த்த கம்பெனி எலேமா-ஷோனாண்டர். அதைச் சீமென்ஸ் எடுத்துக்கொண்டது. இது பெரிய வீட்டுக் கிளை.

இன்னொரு கிளை அமெரிக்காவின் மேற்குக் கரையில் முளைத்தது. ஆல்ஃபிரெட் மேன் என்பவர் இயற்பியல் படித்து, விண்கலங்களுக்குச் சூரிய மின்கலம் செய்து பிழைத்தவர். விண்கலத்தில் பேட்டரி தீர்ந்தால் போய் மாற்ற முடியாது. நெஞ்சுக்குள் தீர்ந்தால் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் கத்தி வைக்க வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தோடு சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் சார்ஜ் ஏற்றக்கூடிய பேஸ்மேக்கரைக் கொண்டுவந்தார். கம்பெனியின் பெயர் பேஸ்செட்டர். நோயாளி வீட்டிலேயே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சுருள் வழியாகச் சார்ஜ் ஏறும். கொஞ்ச காலத்தில் வருஷக்கணக்காய்த் தாங்கும் லித்தியம் பேட்டரி வந்தது. சட்டையும் சுருளும் மூலைக்குப் போயின.

1985இல் பேஸ்செட்டரைச் சீமென்ஸ் வாங்கியது. லார்சனின் டப்பாவும் மேனின் சட்டையும் ஒரே கூரையின் கீழ் வந்தன. 1994இல் சீமென்ஸ் அந்தத் தொழிலையே செயின்ட் ஜூட் மெடிக்கலுக்கு விற்றது. 2010களின் தொடக்கத்தில் செயின்ட் ஜூட், பாயான் லெப்பாஸில் இதயத் துடிப்புக் கருவிகள் செய்ய ஆலை வைத்தது. 2017இல் செயின்ட் ஜூடை அபோட் வாங்க, ஆலையின் பெயர்ப்பலகை மாறியது. லெபுராயா கம்போங் ஜாவாவில் அந்தக் கட்டடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு ஷூ பாலிஷ் டப்பா ஞாபகம் வரும்?

இனி நரம்பும் தசையும். இதயம் ஒரே தசை. தாளம் தெரிந்தால் போதும். கையும் காலும் அப்படியல்ல. ஒரு டம்ளரைத் தூக்க எத்தனை தசைகள் முறைபோட்டு இயங்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். 1961இல் விளாடிமிர் லிபர்சன் என்ற மருத்துவர், பக்கவாதத்தால் பாதம் தொங்கி இழுத்து நடப்பவர்களுக்கு ஒரு வழி கண்டார். செருப்புக் குதிகாலில் ஒரு சுவிட்ச், குதிகால் தரையை விட்டு எழும்போது முழங்காலுக்குக் கீழே தோலின்மேல் ஒட்டிய மின்முனை நரம்பைத் தூண்டும், பாதம் நிமிரும். ஒரு பாதத்துக்கு இது சரி. பத்துத் தசைக்குத் தோலின்மேல் பத்து ஒட்டு ஒட்டி நடமாட முடியுமா? உள்ளே ஒயர் இழுத்தாலோ, மூட்டு மடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒயரும் மடங்கும். ஒருநாள் அறுந்துபோகும்.

ஜெரல்ட் லோப் ஒரு மருத்துவர். ஆனால் கை போனது மின்னணுப் பக்கம். ஒயரே வேண்டாம், தசைக்கு ஒன்றாகத் தனித்தனித் துண்டுகளை ஊசியால் போட்டுவிடுவோம் என்பது அவர் குழுவின் யோசனை. 1980களின் கடைசியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நரம்புக் கருவித் திட்டம் இதற்குப் பணம் கொடுத்தது. கனடாவின் கிங்ஸ்டன் நகரத்துக் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் லோப், சிகாகோவின் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபிலிப் ட்ராய்க், கலிஃபோர்னியாவில் ஆல்ஃபிரெட் மேன் அறக்கட்டளையில் ஜோசஃப் ஷுல்மன் என்று மூன்று இடத்தில் வேலை நடந்தது. ஷுல்மன் பேஸ்செட்டரின் பழைய கை. மூலையில் போட்ட சுருளை வீட்டாரே மறுபடி எடுத்துத் துடைத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குப்பிக்குள் இருக்கிற கெட்டிக்காரத்தனத்தை விரிவாகச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உடம்புக்குள் மின்சாரம் பாய்ச்சுவதில் ஒரு கண்டிஷன் உண்டு: போன மின்னூட்டம் அவ்வளவும் திரும்பி வந்தாக வேண்டும். ஒரே திசையில் கசிந்துகொண்டிருந்தால் உலோகம் அரிக்கும், சுற்றியுள்ள சதை புண்ணாகும். அதைத் தடுக்க நடுவில் ஒரு கெப்பாசிட்டர் வைப்பது வழக்கம். ஆனால் 2 மில்லிமீட்டர் குழாய்க்குள் தேவையான அளவு கெப்பாசிட்டருக்கு எங்கே இடம்? அதனால் மின்முனையையே கெப்பாசிட்டர் ஆக்கிவிட்டார்கள். டாண்டலப் பொடியைச் சுட்டு இறுக்கினால் கடற்பஞ்சு போலத் துளைத்துளையான ஒரு கட்டி கிடைக்கும். அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்ப்பார்கள். இது கெப்பாசிட்டரின் ஒரு பாதி. மறுபாதிக்கு உப்புக்கரைசல் வேண்டும். அது நோயாளியின் உடம்பிலேயே இருக்கிறது. துளைகளுக்குள் தானாக ஊறி நிரம்பிக்கொள்ளும். மேசைமேல் கிடக்கும் பையான் அரைகுறைச் சாமான். சதைக்குள் போனபிறகுதான் சர்க்யூட் முழுசாகிறது.

வெளியே இருக்கிற பெட்டி, ஒரு வளையச் சுருள் வழியாக நொடிக்கு 20 லட்சம் தடவை ஊசலாடும் காந்தப் புலத்தை எழுப்பும். அந்தப் புலமே சாப்பாடு, அதில் ஏற்றி அனுப்பும் குறியீடே கட்டளை. ஒவ்வொரு குப்பிக்கும் ஓர் எண். ஒரு சுருளின் ஆட்சிக்குள் 256 எண் வரை இருக்கலாம். "47, இவ்வளவு மின்னோட்டம், இவ்வளவு நேரம்" என்று போகும் செய்திக்கு 47 மட்டும் தசையைச் சுண்டும். மற்றவை வாய் திறக்காது. மிச்சப் பாடெல்லாம் ஈரத்தோடுதான். உடம்பு என்பது இளஞ்சூடான உப்புநீர்த் தொட்டி. ஒரு துளி உள்ளே புகுந்தால் சிப் காலி. கண்ணாடியையும் உலோகத்தையும் நீராவிகூட நுழையாதபடி உருக்கி ஒட்டவைப்பதில்தான் அந்தக் குழுக்களின் வருஷங்கள் கரைந்தன.

லோப் 1999இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் முதல் நோயாளிகள். கனடாவில் பக்கவாதத்தால் தோள் இறங்கியவர்களுக்கு இரண்டு பையான்: ஒன்று தோள் எலும்புக்கு மேலே ஓடும் தசையில், மற்றது தோளைக் குல்லாய் போல மூடியிருக்கும் தசையில். இத்தாலியின் மிலான் நகரில் முழங்கால் தேய்ந்தவர்களுக்குத் தொடையில். நாளைக்குச் சில தடவை வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தசை தானாக உடற்பயிற்சி செய்யும். தசை தடித்தது, இறங்கிய தோள் எலும்பு மேலேறுவதையும் பார்த்தார்கள். 2004இல் அறிக்கையும் வந்தது.

பிறகு ஏன் அது கோப்பிக்கடை அண்ணனின் தோள் வரை வரவில்லை?

ஒரு காரணம் இயற்பியல். சுருளிலிருந்து விலக விலகக் காந்தப் புலம் மளமளவென்று மெலியும். உள்ளே இருக்கிற சுருள் இரண்டே மில்லிமீட்டர். அதைச் சாப்பிட வைக்க வெளியே பெரிய வளையமும் நிறைய மின்சாரமும் வேண்டும். உட்கார்ந்து செய்யும் பயிற்சிக்கு அது ஆகும், நடமாட்டத்துக்கு ஆகாது. அதோடு, தசைக்குள் ஒயர் இல்லாமல் கிடக்கும் துண்டு, சுற்றிலும் சதை கட்டிப் பிடித்துக்கொள்வதற்குள் வைத்த இடத்தை விட்டு நகரலாம். இன்னொரு காரணம், என் கணக்கில் அதைவிடப் பெரியது, காசு. ஒரு நாளைக்கு ஓரிரு மணி நேரம் தசையைச் சுண்டிவிடும் வேலையை, அவ்வளவு நன்றாக இல்லாவிட்டாலும், தோலில் ஒட்டும் மலிவுக் கருவியும் செய்கிறது. சிறியது, அழகானது என்பதற்காக எந்தக் காப்புறுதிக் கம்பெனியும் பில் கட்டாது.

பையானுக்கு ஒரு தம்பி பிறந்தான். அவனுக்குள் சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி. அதனால் உடம்பு கொஞ்சம் பருத்து நீளம் 28 மில்லிமீட்டரானது. ஆல்ஃபிரெட் மேனின் இன்னொரு கம்பெனியான அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் அவனை வளர்த்தது. சிறுநீரை அடக்க முடியாத பெண்களுக்கு இடுப்படி நரம்பருகே வைத்துப் பார்த்தார்கள். லண்டனில் பீட்டர் கோட்ஸ்பி குழு, ஒருபக்கத் தலைவலியால் ஓயாமல் துடித்த 6 பேருக்குப் பின்தலை நரம்பருகே வைத்து 2008இல் முடிவை வெளியிட்டது. 4 பேருக்குப் பெரிய நிவாரணம். ஆனால் இவனும் கடைச்சரக்காகப் பெருகவில்லை.

இதற்கிடையில் 2004இல் அட்வான்ஸ்டு பயோனிக்ஸை பாஸ்டன் சயின்டிஃபிக் வாங்கியிருந்தது. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் சண்டை வந்து கோர்ட் வரை போய், 2008இல் பாகப்பிரிவினை: காதுக் கருவிகள் மேன் பக்கம், வலிக்கான நரம்புக் கருவிகள் பாஸ்டன் பக்கம். காதுப் பங்கும் அடுத்த வருஷமே சுவிட்சர்லாந்தின் சோனோவாவுக்குப் போனது. பிறகு பாஸ்டன் சயின்டிஃபிக் பினாங்கின் எதிர்க்கரையில், இரண்டாம் பாலம் இறங்கும் பத்து காவானில், ஆலை கட்டியது. அங்கே பையான் செய்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், உறவு பெயர்ப்பலகையில்தான். ஆனாலும் பாருங்கள்: ஆல்ஃபிரெட் மேன் என்ற ஒரே மனிதரின் இரண்டு வாரிசுக் கிளைகளில் ஒன்று தீவின் தென்கிழக்கே, இன்னொன்று கடலுக்கு அந்தப் பக்கம். கதை அதோடும் நிற்கவில்லை. மேன் அறக்கட்டளையின் நுட்பத்தை உரிமம் பெற்று வளர்ந்த ஆக்ஸானிக்ஸ் என்ற கம்பெனி, சிறுநீர்ப்பை நரம்புக்கான சார்ஜ் ஏற்றும் சிறிய கருவிக்கு 2019இல் அமெரிக்க அனுமதி வாங்கியது. 2024இல் அதையும் பாஸ்டன் வாங்கிவிட்டது. போன சொத்து சுற்றிச்சுற்றிப் பழைய வாசலுக்கே வருகிறது.

பினாங்குக்கு ஏன் இவர்கள் வந்தார்கள் என்பதற்குச் சம்பளக் கணக்கை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். 1972இல், லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. வயலும் கம்பமுமாக இருந்த இடத்துக்கு இன்டெல் வந்தது, ஹியூலெட்-பேக்கார்டு வந்தது. ஹியூலெட்-பேக்கார்டு இங்கே முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் நினைவகத்துக்காகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஃபெரைட் வளையங்களை மெல்லிய கம்பியில் கோத்துக் கொடுப்பது. பூத்தொடுக்கிற வேலை மாதிரி. கோத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பிறகு சிப்பின் விளிம்பிலிருந்து சட்டத்துக்குத் தங்க இழையை இழுத்து ஒட்டுவது, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, ஷிப்ட் முழுக்க. பேஸ்மேக்கருக்குள்ளும் அதே சிப், அதே மாதிரி இழை, ஈரம் புகாத மூடி. அண்ணன் பஸ்ஸில் ஏறி இறங்கிய கைகளுக்கு அது புது வித்தை அல்ல.

கெலுகோருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், நடுவில் இருப்பதுதான். புளிப்புக்குப் போடுகிற அசாம் கெலுகோர் மரத்தால் வந்த பெயர் என்பார்கள். நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். 1985இல் திறந்த முதல் பாலம் இங்கேதான் கரையேறுகிறது. பழைய பிரிட்டிஷ் பாசறையான மைண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஜார்ஜ்டவுனிலிருந்து தெற்கே போகும் ஷிப்ட் பஸ்கள் இதைக் கடந்துதான் போயாக வேண்டும்.

பையானின் கனவு வேறு உடம்புகளில் பிழைத்திருக்கிறது. 2022இல் ஈகாயின், 2023இல் ரெவி என்று இரண்டு கருவிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் கணுக்காலருகே வைக்கப்பட்டு, அங்குள்ள நரம்பைத் தூண்டிச் சிறுநீர்ப்பையை அடக்குகின்றன. ரெவிக்குள் பேட்டரி இல்லை. காலில் கட்டும் பட்டைதான் சாப்பாடு போடுகிறது. இதயத்துக்குள்ளேயே போய் உட்காரும் ஒயரில்லாப் பேஸ்மேக்கர்களும் வந்துவிட்டன: மெட்ரானிக்கின் மைக்ரா 2016இல், அபோட்டின் அவெய்ர் 2022இல். பெர்க்லியில் காந்தப் புலத்தையே விட்டுவிட்டு ஒலியால், அதாவது அல்ட்ராசவுண்டால், சாப்பாடு போட்டு, 1.7 கன மில்லிமீட்டரில் ஒரு தூண்டியை எலியின் நரம்பில் இயக்கிக் காட்டினார்கள்.

அளவு சுருங்குவதைப் பார்த்து வாய்பிளப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த வம்சாவளியைப் படித்தபின் என் கண் வெளியே இருக்கிற பாதியின்மேல்தான் போகிறது. ஆர்னே லார்சன் 2001இல் தன் 86ஆம் வயதில், இதயத்தால் அல்ல, தோல் புற்றுநோயால் இறந்தார். அதுவரை 26 பேஸ்மேக்கர்கள். செய்த எல்ம்க்விஸ்டும் பொருத்திய சென்னிங்கும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். கம்பெனியோ எலேமா, சீமென்ஸ், செயின்ட் ஜூட் என்று பெயரை மாற்றிக்கொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த கருவியோடு யாரோ ஒருவர் வந்தார். அதே 2001இல் ஓஹையோவில் வேறு கதை. கழுத்து முறிந்து கை செயலிழந்தவர்கள் ஸ்பூன் பிடிக்க, பேனா பிடிக்க உதவிய ஃப்ரீஹேண்ட் என்ற தசைத்தூண்டிக்கு 1997இல் அனுமதி கிடைத்திருந்தது. 200க்கும் மேற்பட்டவர்களின் உடம்பில் அது இருந்தது. லாபம் வராததால் அதை விற்ற நியூரோகன்ட்ரோல் கம்பெனி தொழிலை விட்டது. கருவி வேலை செய்துகொண்டிருந்தது. கம்பெனிதான் இல்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் என்னால் ஆனமட்டும் சொன்னேன். தீக்குச்சித் துண்டு, ஊசி, வளையம், எண். இடக்கையால் கோப்பியைத் தூக்கிக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்று தனக்கு ஒருநாளும் தெரியாது என்றார்; அவர்களுக்கே தெரியாதாம், கேட்டால் "சின்னதா என்னமோ ஒட்டுறோம்ணே" என்பார்களாம். கனடாவில் ஊசி போட்டவர்களுக்குத் தோள் மேலேறியதைச் சொன்னபோது மட்டும் முகம் நிமிர்ந்தது.

"அப்ப அந்தக் கண்ணாடி இன்னும் அவங்க தோளுக்குள்ளதான் இருக்கா?"

எடுக்காமல் விட்டவர்களுக்கு இருக்கும் அண்ணே என்றேன்.

"வளையம்?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் பிற்பகல் ஷிப்ட் பஸ் ஒன்று சாலையில் வந்தது. ஓட்டுகிற பையன் இவரைப் பார்த்து ஒரு ஹார்ன் அடித்தான். அண்ணன் வழக்கம்போல வலக்கையைத் தூக்கப் பார்த்து, பிறகு இடக்கையைத் தூக்கினார்.